போனில் எந்த ஆப், எவ்வளவு நேரம்? மண்டபம் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கிருந்து வந்தாலும், டிஸ்ப்ளே மாற்றி முடிக்கிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்த போன்ல யாரு என்ன பார்த்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?" எந்த ஆப், எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பதற்கு போனில் கணக்கு இருக்கிறது. யார் என்பதற்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிற சண்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆப் பயன்பாட்டுக் கணக்கு போனில் எங்கே இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. திரையில் எவ்வளவு நேரம் ஓடியது என்பது ஒரு இடம், பேட்டரியை யார் தின்றது என்பது ஒரு இடம், நெட்டை யார் தின்றது என்பது ஒரு இடம். கேமரா, மைக், லொகேஷனை எந்த ஆப் தொட்டது என்பது நான்காவது. நான்குமே செட்டிங்ஸுக்குள்தான் இருக்கின்றன. இது போக, உங்கள் கூகுள் கணக்கிலும் தனியாக ஒரு பதிவு இருக்கலாம்.

இதற்கென்று புதிதாக எந்த ஆப்பும் இறக்க வேண்டாம். 'ஹிஸ்டரி பார்க்கும் ஆப்' என்று விளம்பரத்தில் வருவதை இறக்கினால், மற்ற எல்லா ஆப்பையும் வேவு பார்க்கும் அனுமதியை நீங்களே அதற்குக் கொடுத்தாக வேண்டும். போனிலேயே இருப்பதைப் பார்க்க வெளியாளை ஏன் உள்ளே விட வேண்டும்?

ஆண்ட்ராய்டு போனில் எப்படிப் பார்ப்பது?

செட்டிங்ஸைத் திறந்து கீழே இறங்கினால் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று இருக்கும். கூடவே பெற்றோர் கட்டுப்பாடு என்றும் சேர்ந்து வரும். சில கம்பெனி போன்களில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பெயரில் இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அடித்துப் பாருங்கள்.

பெரும்பாலான போன்களில் உள்ளே போனதும் ஒரு வட்டம் தெரியும். நடுவில் இன்றைய மொத்த நேரம், சுற்றிலும் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு நிறம். அதைத் தொட்டால் டாஷ்போர்டு திறக்கும். ஸ்கிரீன் நேரம், வந்த நோட்டிபிகேஷன்கள், திறந்த தடவை என்று மூன்று விதமாகவும் மாற்றிப் பார்க்கலாம். ஆப்பின் பெயரைத் தொட்டால் நாள்வாரியாகக் காட்டும், சில போன்களில் மணிவாரியாகவும் காட்டும். மணிவாரிக் கணக்கு இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம் கீழே ஒரு கதையில் வருகிறது.

இந்த வசதி 2018இல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது அறிமுகமானது. அதற்குப் பிறகு வாங்கிய போன் என்றால் பெரும்பாலும் இருக்கும்.

ஐபோனில்?

செட்டிங்ஸ், அதில் 'ஸ்கிரீன் டைம்', அதில் எல்லா ஆப் மற்றும் இணையதளச் செயல்பாடு. வாரம், நாள் என்று இரண்டு விதமாகக் காட்டும். போனை எத்தனை தடவை கையில் எடுத்தோம், எடுத்ததும் முதலில் எதைத் திறந்தோம் என்பது வரை சொல்லும். ஐபோனில் இதுவும் 2018இல்தான், ஐஓஎஸ் 12 உடன் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஆப்பிள் ஐடி இரண்டு சாதனங்களில் இருந்து, 'எல்லாச் சாதனங்களிலும் பகிர்' என்பதும் ஆனில் இருந்தால் இரண்டின் நேரமும் கூட்டித்தான் வரும். அண்ணன் பழைய ஐபோனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஐடியை மாற்றாமல் விட்டால், தம்பி விளையாடிய கேம் அண்ணன் கணக்கில் ஏறும்.

எங்கள் போன் ரொம்பப் பழையது. அந்த மெனுவே இல்லை. என்ன செய்வது?

போன் நம்பர் அடிக்கும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்துப் பாருங்கள். கால் பட்டனை அழுத்த வேண்டியதில்லை. கடைசி நட்சத்திரக் குறி விழுந்ததும் ஒரு சோதனைப் பக்கம் தானாகத் திறக்கும். அதில் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் என்று இருந்தால், ஒவ்வொரு ஆப்பும் கடைசியாக எப்போது ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது என்று வரிசையாகக் காட்டும். எல்லா போனிலும் இந்தக் கோடு வேலை செய்யாது. அந்தப் பக்கத்தில் உள்ள மற்றவற்றைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள், நெட்வொர்க்கை மாற்றும் பட்டனும் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை நாள் பின்னால் போய்ப் பார்க்கலாம்?

நம் ஊர் மீன் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஏலத்தில் ஒவ்வொரு கூடைக்கும் தனிச் சீட்டு இருக்கும். மாதக் கடைசியில் படகுக் கணக்கு நோட்டில் மொத்தம் மட்டும்தான் நிற்கும். ஆண்ட்ராய்டும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. நாள் கணக்கு 7 நாள், வாரக் கணக்கு 4 வாரம், மாதக் கணக்கு 6 மாதம், வருடக் கணக்கு 2 வருடம். இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு இந்த ஆப் திறந்தது என்ற நுணுக்கமான பதிவு சில நாள்தான் நிற்கும்.

ஆகவே "போன மாசம் 12ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு என்ன நடந்துச்சு" என்று கேட்டு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் கொடுக்காதீர்கள்.

கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' என்ற பக்கம் இருக்கிறது. அதில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' ஆனில் இருந்தால், ஆண்ட்ராய்டு போனில் திறந்த ஆப்களின் பெயரும் நேரமும் அங்கே பதிவாகி இருக்கலாம். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தானாக அழிய நாமே கெடு வைக்கலாம். 2020 நடுப்பகுதிக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் நாம் எதுவும் மாற்றாவிட்டால் 18 மாதம்.

இங்கே நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. புது போன் வாங்கும்போது கடையிலேயே அப்பாவின் ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதே ஜிமெயில் வீட்டில் மூன்று போனில் இருக்கும். அப்போது மை ஆக்டிவிட்டியில் மூன்று போனின் பதிவும் கலந்து நிற்கும். பதிவின் விவரத்தைத் தொட்டு எந்தச் சாதனம் என்று பார்க்காமல் யாரையும் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

யூடியூப் தினமும் நாலு மணி நேரம் என்று காட்டுகிறது. பையன் படிக்கிறேன் என்று பொய் சொல்கிறானா?

தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு அக்கா இதே கேள்வியோடு வந்தார். கூடவே பையன். பத்தாம் வகுப்பு, தோளில் ஸ்கூல் பை, தரையைப் பார்த்தபடி நின்றான். "நாலு மணி நேரம் தம்பி, இந்தா பாரு, போனே சொல்லுது" என்று அக்கா டாஷ்போர்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

யூடியூபைத் தொட்டு மணிவாரிக் கணக்கைத் திறந்தேன். காலை ஒன்பதில் இருந்து பதினொன்றரை வரை கோடு நெட்டுக்கு நின்றது. அப்புறம் மாலையில் நாலில் இருந்து ஐந்தரை வரை. இரவில் ஒன்றுமே இல்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று பின்னால் தள்ளிப் பார்த்தோம். எல்லா நாளும் அதே நேரம்.

"காலையில பத்து மணிக்கு இவன் எங்கேக்கா இருப்பான்?"

"ஸ்கூல்ல."

"போன்?"

அக்கா பதில் சொல்லவில்லை. பையன்தான் மெதுவாகச் சொன்னான், "அப்பாயி மாதா பாட்டுப் போட்டு வச்சிருக்கும்." பாட்டி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முற்றத்தில் கருவாடு காயப்போடுவாராம். திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடும், அதனால் திரை எரிந்துகொண்டே இருக்கும். யாரும் பார்க்காவிட்டாலும் திரையில் ஓடினால் போனுக்கு அது பயன்பாடுதான். நாலு மணி நேரமும் பாட்டியுடையது.

அக்கா பையனின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

இதனால்தான் சொல்கிறேன். மொத்த நேரத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். எந்த மணியில் ஓடியது, அந்த மணியில் போன் யார் கையில் இருந்தது என்று சேர்த்துப் பாருங்கள். ஒரே போனை நாலு பேர் பிடிக்கிற வீட்டில் டாஷ்போர்டு நாலு பேரின் கணக்கைத்தான் காட்டும்.

அதிகாலை இரண்டு மணிக்கு போன் திறந்ததாகக் காட்டுகிறது. சந்தேகப்படலாமா?

கடலுக்குப் போகிறவர் வீடா? அப்படியானால் முதலில் எந்த ஆப் என்று பாருங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் பலர் கிளம்புவதற்கு முன் விண்டி போன்ற ஆப்பில் காற்று நிலவரம் பார்த்து, கூட வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போடுவார்கள். கச்சான் காற்று தூக்கலாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம், ஆளை எழுப்ப மூன்று நிமிடம். கணக்கில் அது அப்படியே நிற்கும். அலாரம் அடித்து அணைத்தால்கூடக் கடிகார ஆப் திறந்ததாகப் பதிவாகலாம்.

கணவன் அல்லது மனைவியின் போனை அவருக்குத் தெரியாமல் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், வெளிநாட்டில் இருந்து போனிலும் கேட்கிறார்கள். கூடப் பணம் தருகிறேன் என்றாலும் பதில் இதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆனதால் அந்த உரிமை போய்விடுவதில்லை.

சட்டத்தை விடுங்கள். பாட்டியின் பாட்டு பையன் தலையில் ஏறியதைப் பார்த்தீர்கள். கணவன் மனைவிக்குள் அந்த மாதிரி ஒரு தவறான கணக்கு ஏறினால் அதை எந்தக் கடையில் போய்ச் சரிசெய்வது? கேட்க வேண்டியதை ஆளிடம் கேளுங்கள். வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், இரண்டு போனையும் மேசையில் வைத்துப் பார்க்கலாம். அப்படி ஒரு ஜோடி வந்தார்கள். இரண்டு பேருமே தாங்கள் நினைத்ததைவிடத் தங்கள் போனில் அதிக நேரம் என்று பார்த்து அசந்துபோனார்கள்.

பிள்ளைகள் போனையாவது பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் சொல்லிவிட்டுப் பாருங்கள். கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் அதற்குத்தான் இருக்கிறது. பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு தொடங்கி உங்கள் கணக்கோடு இணைத்தால், எந்த ஆப் எவ்வளவு நேரம் என்பது உங்கள் போனுக்கே வரும். நேரக் கெடு வைக்கலாம், இரவில் பூட்டலாம், புது ஆப் இறக்க உங்களிடம் அனுமதி கேட்கும்படி செய்யலாம். போன் கண்காணிப்பில் இருப்பது பிள்ளைக்கும் தெரியும். ஐபோனில் இதே வேலையை 'ஃபேமிலி ஷேரிங்' வழியாக ஸ்கிரீன் டைம் செய்யும்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவின் போனிலும் இந்தக் கணக்கு தெரியும். கீழக்கரையில் ஒரு சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் மகளும் வாப்பாவும் சேர்ந்து வாரக் கணக்கைப் பார்ப்பார்களாம்.

பிள்ளைகள் இந்தக் கணக்கை அழிக்கவோ மறைக்கவோ முடியுமா?

முடியும். டிஜிட்டல் வெல்பீயிங்கில் பதிவு எடுப்பதையே நிறுத்தலாம். சில போன்களில் பூட்டிய தனி அறை மாதிரி ஒரு இடம் இருக்கிறது. சாம்சங்கில் 'செக்யூர் ஃபோல்டர்', ஆண்ட்ராய்டு 15 வந்த சில போன்களில் 'பிரைவேட் ஸ்பேஸ்'. பிரவுசரின் இன்காக்னிட்டோ எந்தத் தளம் பார்த்தோம் என்பதை பிரவுசர் வரலாற்றில் மறைக்கும். ஆனால் பிரவுசர் எவ்வளவு நேரம் ஓடியது என்பது கணக்கில் வந்துவிடும்.

டாஷ்போர்டு ஒரு மணி நேரம் என்கிறது, பேட்டரியோ மத்தியானத்துக்குள் காலி என்றால் பேட்டரி கணக்கையும் நெட் கணக்கையும் ஒத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். அப்போதும் கேட்பதுதான் வழி.

அழித்துவிட்ட ஆப்பின் பெயர் தெரியுமா?

பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆப்களையும் சாதனத்தையும் நிர்வகிக்கும் இடத்துக்குப் போங்கள். 'நிர்வகி' பகுதியில், 'நிறுவப்பட்டவை' என்று இருப்பதை 'நிறுவப்படாதவை' என்று மாற்றினால், அந்தக் கணக்கில் முன்பு இறக்கிய ஆப்கள் வரும். ஐபோனில் ஆப் ஸ்டோர் கணக்குப் பக்கத்தில், மேகத்தில் இருந்து அம்பு இறங்குவது போன்ற குறியோடு நிற்பவை அவைதான். வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவும் ஃபைல்) நேராகப் போட்டிருந்தால் அது இந்தப் பட்டியலில் வராது.

டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. யார் தின்கிறார்கள்?

செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் மொபைல் டேட்டா பயன்பாடு. ஆப்வாரியாக வரும். பெயரைத் தொட்டால் நாம் பார்க்கும்போது எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். என் கடைக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் முதல் குற்றவாளி யூடியூப், இரண்டாவது வாட்ஸ்அப். ஊர் குரூப், படகு குரூப், சொந்தக்காரர் குரூப் மூன்றிலும் வரும் வீடியோ எல்லாம் தானாக இறங்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துவிடும். சர்வதேச ரோமிங் போட்ட சிம் என்றால் கட்டணம் தனி. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று என்பதால் நேரக் கணக்கு குழம்பாது.

கடலில் இருக்கும்போது போனைத் தொடவே இல்லை. பேட்டரி மட்டும் தீர்கிறது. ஏதாவது ஆப் ரகசியமாக ஓடுகிறதா?

செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டைத் திறங்கள். ஐபோனில் அன்றைய கணக்கும் முந்தைய சில நாள்களின் கணக்கும் பார்க்கலாம். மொபைல் நெட்வொர்க் என்பது மேலே நின்றால் காரணம் ஆப் இல்லை. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக டவர் எட்டாது, போன் விடாமல் சிக்னல் தேடும், அதில் சூடாகிப் பேட்டரியும் இறங்கும். டவர் கிடைக்காத தூரத்துக்குப் போனதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும், முன்பே இறக்கி வைத்த வரைபடம் இடத்தைக் காட்டும். கரையில் இருக்கும்போதே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஆனால் அந்த மோடில் அவசர அழைப்பு உங்களுக்கு வராது, அதை மறக்க வேண்டாம். படகில் ஒரு போனாவது அந்த மோடில் போடாமல் இருக்கட்டும்.

எனக்குத் தெரியாமல் ஏதோ ஆப் கேமராவையும் மைக்கையும் தொடுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 12 முதல் 'பிரைவசி டாஷ்போர்டு' இருக்கிறது. எந்த ஆப் எந்த நேரத்தில் லொகேஷன், கேமரா, மைக்கைத் தொட்டது என்று வரிசையாகக் காட்டும். 12இல் 24 மணி நேரம், 13 முதல் 7 நாள் வரை. கேமராவோ மைக்கோ ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி எரியும். ஐபோனில் 'ஆப் பிரைவசி ரிப்போர்ட்' என்ற பெயரில் 7 நாள் பார்க்கலாம்.

அதோடு 'யூசேஜ் ஆக்சஸ்' என்று செட்டிங்ஸில் தேடுங்கள். மற்ற ஆப்களைக் கவனிக்க யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். பெயர் தெரியாத எதற்காவது அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், அரசு உதவித்தொகை என்று பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொட்டவர்கள் போனில் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும். பணம் போயிருந்தால் கடைக்கு வராதீர்கள், அங்கேயே நின்று 1930க்கு அடியுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

ரிப்பேருக்குக் கொடுத்தால் கடைக்காரர் இதெல்லாம் பார்ப்பாரா?

பின் நம்பரைச் சொன்னால் பார்க்க முடியும். டிஸ்ப்ளே, பேட்டரி மாற்ற பின் நம்பர் தேவையில்லை, நான் கேட்பதும் இல்லை. டச் சோதிக்க வேண்டுமென்றால் உங்கள் கையாலேயே திறந்து காட்டினால் போதும். புதிய சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோடு' இருக்கிறது. ஆன் செய்து கொடுத்தால் உங்கள் படமும் செய்தியும் கடைக்காரர் கண்ணுக்கே தெரியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் போன் நேரம் எகிறிவிடுகிறது. குறைக்க வழி இருக்கிறதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். ஆள் சும்மா இருந்தால் கை போனுக்குத்தான் போகும், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. குறைக்க நினைப்பவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே டாஷ்போர்டைத் திறந்து அன்றைய வாரக் கணக்கை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் ஒப்பிட வேறு வழி இல்லை, நாள் கணக்கை போன் அதுவரை வைத்திருக்காது.

அப்புறம் ஆப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மணல் கடிகாரக் குறியைத் தொட்டு நேரக் கெடு வையுங்கள். நேரம் முடிந்ததும் ஆப்பின் படம் சாம்பல் நிறமாகிவிடும், நள்ளிரவு வரை திறக்காது. ஒரேயடியாக அரை மணி நேரம் என்று வைத்தவர்கள் மூன்றாம் நாளே கெடுவை எடுத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். இப்போது மூன்று மணி நேரம் என்றால் இரண்டரை என்று வையுங்கள், அடுத்த வாரம் இரண்டு. காற்று நிலவரம் பார்க்கிற ஆப்புக்கு மட்டும் கெடு வைக்காதீர்கள்.